நான்காம் பாட்டில் எரிந்த விளக்கு

சென்ற மாதம் திண்டிவனத்தில், ஒரு கார் பட்டறையின் நடுவே, ஆயில் கறை படிந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து ஒரு பதிகம் முழுவதையும் பாடினேன். எதிரே உட்கார்ந்து கேட்டவர், வண்டியின் சேதத்தை ஆய்வு செய்ய வந்த வாரண்டி நிறுவனத்தின் சர்வேயர். கோயிலில் பாட வேண்டியதைப் பட்டறையில் ஏன் பாடினீர் என்று கேட்பீர்கள். எனக்கே அது முழுதாக விளங்கவில்லை… விளங்கிய மட்டும் சொல்கிறேன்.

என் மனைவிக்கு வாரம் இருமுறை முண்டியம்பாக்கம் மருத்துவமனையில் டயாலிசிஸ். விழுப்புரத்திலிருந்து பேருந்தில் போய்விடலாம், திரும்புவதுதான் பாடு. சிகிச்சை முடிந்து வெளியே வரும்போது அவளுக்கு நிற்கவும் தெம்பிராது. ஆகவே, வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் மகன் திண்டிவனத்தில் ஒரு பழைய காரை வாங்கிக் கொடுத்தான். எஞ்சினுக்கு ஓராண்டு வாரண்டி. ஓட்டுவது மருமகள் பூங்கொடி. நிதானமான ஓட்டம்; வழியில் நாய் படுத்திருந்தால் அது எழுந்து போகும்வரை காத்திருப்பாள்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. நான் பதிகம் தொடங்கிவிட்டால் பலன் சொல்லும் கடைசிப் பாட்டு முடியும்வரை யாரும் பேசமாட்டார்கள். பதிகத்தை நடுவில் அறுக்கக் கூடாது என்று சிறு வயதில் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. அடுப்பில் பால் பொங்கினாலும் சைகைதான். கூரியர்காரர் வாசலில் நின்று பாடல் கேட்டுவிட்டுப் போனதும் உண்டு.

அன்று மூவரும் திண்டிவனத்தில் ஓர் உறவினர் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் புறப்பட்டோம். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டியதும் கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினேன். அன்று ஏனோ பண் நன்றாகக் கூடி வந்தது. பத்துப் பாட்டும், அதன்மேல் பலன் பாட்டும் முடித்துக் கண் திறந்தால் கூட்டேரிப்பட்டு தெரிந்தது.

பூங்கொடி மெல்லச் சொன்னாள்:

"மாமா, ஒரு சேப்பு லைட் எரியுது."

"எப்போதிலிருந்து?"

"நாலாவது பாட்டுலேர்ந்து."

ஓரமாக நிறுத்தினாள். பானெட்டின் இடுக்குகளிலிருந்து வெண்புகை கிளம்பியது. அங்கே மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, அவித்து விற்றுக்கொண்டிருந்த அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, வண்டிக்குள்ளயே பொங்கல் வெச்சிக்கினு வர்றீங்களா?"

பின்னிருக்கையிலிருந்து என் மனைவி சொன்னாள்: "எனக்கு அப்பவே வாடை வந்துச்சு. யாரோ சாம்பிராணி போடறாங்கன்னு நெனச்சேன்."

நெடுஞ்சாலையில், ஓடும் காருக்குள், யார் போடுவார்கள் சாம்பிராணி? கேட்கவில்லை. அவளும் நான் பாடி முடிக்கத்தான் காத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும்.

வண்டியைக் கட்டி இழுத்துப் போய், வாங்கிய இடத்துப் பட்டறையிலேயே விட்டோம். வாட்டர் பம்ப் பழுதாகி, குளிர்விக்கும் நீரெல்லாம் ஒழுகி, எஞ்சின் வெந்துபோயிருந்தது. வாரண்டி இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தேன். ஒரு வாரத்தில் மறுப்பு வந்தது: 'எச்சரிக்கை விளக்கு எரிந்த பின்னரும் ஓட்டுநரின் அஜாக்கிரதையால் வாகனம் தொடர்ந்து இயக்கப்பட்டுள்ளது.'

விளக்கு எரிந்ததை எஞ்சினோடு இணைந்த ஒரு சிறிய கணினி பதிவு செய்து வைத்திருக்கிறதாம். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நமக்குள் ஒருவன் இருக்கிறான் என்று வாழ்நாள் முழுவதும் பாடி வந்தவன் நான். காருக்குள்ளும் அப்படி ஒன்று இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

விற்பனை நிலைய மேலாளரிடம் போய் நின்றோம். இளைஞர், நல்லவர்.

"வாட்டர் பம்புக்கு வாரண்டி உண்டா?" என்றேன்.

"உண்டுங்க அய்யா."

"பம்ப் கெட்டதால்தானே எஞ்சின் கெட்டது?"

"ஆமாங்க."

"அப்படியானால் எஞ்சினுக்கும் உண்டுதானே?"

"இல்லீங்க. பம்பு தானா கெட்டுது. எஞ்சின் ஓட்டுனதால கெட்டுது."

"ஓட்டாமல் ஒரு காரை எதற்கு வாங்குவது?"

அவர் தலையைச் சொறிந்தார். நானும் சொறிந்துகொண்டேன். எது தானாகக் கெட்டது, எது பிறரால் கெட்டது… ஆன்ம விசாரத்தில்கூட இவ்வளவு குழம்பியதில்லை.

பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு பண்ணுங்க. லைட்டே எரியல, பல்பு போயிட்டிருந்துதுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சது டிரைவருக்குத் தெரியலேன்னு ஆயிடும். மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

வாசகர்களே, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: என் மனம் ஒரு கணம் அந்தப் பக்கம் சாய்ந்தது. அந்த வாரம்தான், முண்டியம்பாக்கத்திலிருந்து திரும்பும் பேருந்தில் இடம் கிடைக்காமல், என் மனைவி கம்பியைப் பிடித்தபடி என் தோளில் சாய்ந்து நின்று வந்தாள். ஒரு வரி… ஒரு பல்ப்… அவ்வளவுதானே?

பூங்கொடி முந்திக்கொண்டாள். "எரிஞ்சிது சார். நான் பாத்தேன்."

"பாத்துட்டு ஏம்மா நிறுத்தல?"

"மாமா பாடிக்கினு இருந்தாரு."

மேலாளர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். "இத நான் ஃபாரத்துல எந்தக் கட்டத்துல எழுதறது?" என்றார் பரிதாபமாக.

வீட்டுக்கு வந்து மேல்முறையீடு எழுதினேன். நடந்ததை நடந்தபடி எழுதினேன். அஜாக்கிரதை என்ற சொல் பொருந்தாது, அவள் விளக்கையும் கவனித்தாள், பாட்டையும் கவனித்தாள் என்று எழுதினேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால் எனக்கே குழப்பம். யார் பிழை இது? சொல்லாத அவளுடையதா? சொல்லவிடாத வழக்கத்தினுடையதா? கண்ணை மூடிக்கொண்டு ஆனந்தித்த என்னுடையதா? அன்றைக்குப் பார்த்து அந்தப் பண் அப்படிக் கூடிவரச் செய்த இறைவனிடமும் கொஞ்சம் கேட்கத்தான் வேண்டும்.

அதன்பேரில்தான் சர்வேயர் வந்தார். பட்டறையில், எஞ்சின் கழற்றப்பட்ட எங்கள் காருக்குப் பக்கத்தில், மூன்று நாற்காலிகள் போட்டார்கள். என் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"கம்ப்யூட்டர்ல நேரம் பதிவாகல. லைட்டு எரிஞ்சதுலேர்ந்து வண்டி நின்னது வரைக்கும் எவ்ளோ நேரம்யா?"

"நான்காம் பாட்டிலிருந்து பலன் பாட்டு வரைக்கும்."

"நிமிஷத்துல சொல்லுங்க."

"பாடினால்தான் தெரியும்."

"அப்ப பாடுங்க. நாலாவதுலேர்ந்து போதும்."

"நடுவிலிருந்து தொடங்கும் வழக்கமில்லை. முதலிலிருந்துதான்."

அவர் பெருமூச்சுவிட்டார். "சரி, பாடுங்க. நாலாவது வந்ததும் இந்தம்மா சைகை காட்டட்டும், நான் டைம் வெச்சிக்கறேன்." போனில் ஸ்டாப்வாட்சை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

கண்ணை மூடினேன், தொடங்கினேன். இரண்டாம் பாட்டில் யாரோ கம்ப்ரஸரை நிறுத்தினார்கள். நான்காம் பாட்டில் பூங்கொடி விரலை உயர்த்தியிருக்க வேண்டும். அதன்பிறகு நான் பட்டறையில் இல்லை. மனைவி பேருந்துக் கம்பியைப் பிடித்து நின்ற கோலம் வந்து நின்றது, என்னை அறியாமல் அடிகள் நீண்டன. எங்கோ ஏதோ வண்டு ரீங்கரிப்பதுபோல் அவ்வப்போது ஒரு சத்தம் கேட்டது.

பலன் பாட்டு முடிந்து கண் திறந்தேன். ஸ்பேனர் பிடித்த கைகளெல்லாம் அப்படியே நின்றிருந்தன. சர்வேயரின் போன் மடியில் குப்புறக் கிடந்து அதிர்ந்துகொண்டிருந்தது.

"யாரு சார் போன்ல?" என்றாள் பூங்கொடி.

"எங்க மேனேஜரும்மா. விடாம அடிச்சிக்கினே இருக்காரு. ரிப்போர்ட்டு ஜல்தியா வேணுமாம்."

"எடுத்திருக்கலாமே சார்."

"அய்யா பாடிக்கினு இருக்கறப்ப எப்படிமா எடுக்க…"

பாதியில் நிறுத்திக்கொண்டார். அவள் காரைப் பார்த்தாள். அவரும் காரைப் பார்த்தார். பிறகு போனைத் திருப்பினார். ஸ்டாப்வாட்ச் இன்னமும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் நிறுத்தவேயில்லை.

"டைம் என்ன வந்தது?" என்றேன்.

"தெரியலீங்கய்யா," என்றார்.

இரண்டு வாரத்துக்கு முன் முடிவு வந்தது. எஞ்சினை வாரண்டியிலேயே சரிசெய்து வண்டியையும் தந்துவிட்டார்கள். காரணமாக எழுதியிருந்த வாசகத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்: 'எச்சரிக்கை விளக்கு எரிந்தபின், பாதுகாப்பாக நிறுத்தக்கூடிய முதல் இடத்திலேயே ஓட்டுநர் வாகனத்தை நிறுத்தியுள்ளார்.'

விக்கிரவாண்டியிலிருந்து கூட்டேரிப்பட்டு வரை சாலையோரம் முழுவதும் நிறுத்தலாமே! இது உண்மையா, பொய்யா? பல்ப் எரியவில்லை என்று எழுத மறுத்தவர்கள் நாங்கள். இதை மட்டும் ஏற்றுக்கொள்ளலாமா? பூங்கொடியிடம் என் சங்கடத்தைச் சொன்னேன்.

"இதுல பொய் எங்க மாமா இருக்குது? உங்கள நடுவுல நிறுத்தறது பாதுகாப்பா, இல்லையான்னு அத்தையக் கேளுங்க," என்றாள்.

மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது காரிலேயே கேட்டேன். அத்தைக்கு அன்று டயாலிசிஸ் முடிந்த களைப்பு. கண்ணைத் திறக்காமல் சிரித்தாள். காருக்குள் அவள் சிரித்து வெகு நாளாயிற்று. நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

ஆம், அதே காரில்தான் இப்போது முண்டியம்பாக்கம் போய் வருகிறோம். பதிகமும் உண்டு. மருமகள் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள்: முன்னிருக்கையில் உட்கார்ந்து, கண்ணைத் திறந்துகொண்டு பாட வேண்டும், சிவப்பாக எது எரிந்தாலும், எந்தப் பாட்டாக இருந்தாலும், நானே நிறுத்திச் சொல்ல வேண்டும். ஒப்புக்கொண்டேன். உருகிப் பாடும் இடத்திலும் ஒரு கண் டாஷ்போர்டில்தான்.

இறைவன் எந்தக் கண்ணைக் கணக்கில் எடுத்துக்கொள்வான் என்பதுதான் தெரியவில்லை.