முழங்கை மடிப்பில் உப்பு

ஹெல்மெட்டைத் தலைகீழாகத் திருப்பி, மூக்கை உள்ளே விட்டு ஒரு இழு இழுத்தார் ஹெல்மெட்டக்கா. "நேத்து மழையில நனைஞ்சிட்டு அப்படியே பெட்டிக்குள்ள போட்டு மூடி வச்சிருக்கீங்க. சரியா?"

ஹெல்மெட்டுக்குச் சொந்தக்காரர் மருந்துக் கம்பெனியில் பத்துப் பேரை மேய்க்கும் அதிகாரி. திருட்டு முழி முழித்தார். "நேத்து இல்லக்கா, முந்தாநேத்து" என்று தேதியை மட்டும் திருத்திவிட்டு நழுவினார்.

பஞ்சர் கடையை ஒட்டிய ஒற்றை அறைதான் அக்காவின் கடை. பைக் ஓட்டுகிறவர்களின் ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்துக் கொடுப்பது தொழில். மூன்று தொட்டிகள், பழைய டூத் பிரஷ்கள், குழந்தைகளுக்குப் போடும் ஷாம்பூ, ஒரு மேசை விசிறி. ஜாக்கெட் வந்ததும் தோளிலும் முழங்கையிலும் முதுகிலும் செருகியிருக்கும் கெட்டியான காப்புத் துண்டுகளை முதலில் உருவி எடுப்பார். எந்தத் துண்டு எந்தச் சட்டைக்கு என்று மாறிவிடாமல் இருக்க, ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் எண் போடுவார். வாஷிங் மெஷின் பக்கமே போகமாட்டார். "மெஷின்ல போட்டா தையல் விட்டுப்போகும். கீழ விழுந்தா மெஷினா வந்து தாங்கும்?" என்று கேட்பார். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கவும் மாட்டார்.

அங்கே பருவம் என்று பார்த்தால் இரண்டுதான். வெயில் காலத்தில் கடைக்கு உப்பு வரும், மழைக் காலத்தில் பூஞ்சை வரும். வெயிலுக்கு ஆளுக்கொரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். ஒருவர் ஈரக் கைக்குட்டையை மடித்து உச்சந்தலையில் வைத்து அதன்மேல் ஹெல்மெட் மாட்டுகிறார். இன்னொருவர் பழைய காலுறையின் பாதத்தை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை முன்கையில் மாட்டிக்கொள்கிறார். முழுக்கைச் சட்டையை முன்பக்கம் பின்னாகப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் வரும் டீச்சரம்மா ஒருவர் உண்டு. தூரத்தில் அவரைப் பார்த்தால், வருகிறாரா போகிறாரா என்று ஒரு கணம் குழம்பும்.

மழை பிடித்துக்கொண்டால் வேறொரு சண்டை ஆரம்பிக்கும். மழைக்கோட்டை ஜாக்கெட்டுக்கு மேலே போடுவதா, உள்ளே போடுவதா? கடை வாசலில் இதற்காகவே இரண்டு கட்சிகள் உருவாகி, பஞ்சர் கடைக்காரர் ஒரு கட்சிக்குத் தலைவராகவும் ஆகிவிட்டார். பஞ்சாயத்து அக்காவிடம் வந்தது. "மேல போட்டா நீங்க வேர்வையில நனைவீங்க. உள்ள போட்டா ஜாக்கெட்டு மழையில நனையும். எதுலயோ ஒண்ணுல நனையத்தான் போறீங்க, போய் வேலையைப் பாருங்க" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு அக்கா தொட்டிக்குத் திரும்பிவிட்டார்.

ஆனால் அக்காவின் உண்மையான கெட்டிக்காரத்தனம் உப்பில்தான் இருக்கிறது. வியர்வை காய்ந்தால் கறுப்பு ஜாக்கெட்டில் வெள்ளைக் கோடு விழும். அந்தக் கோட்டைப் பார்த்து ஆளையே சொல்லிவிடுவார். தோளில் கோடு அறுந்திருந்தால் பை மாட்டுகிறவர். வயிற்றோரம் மட்டும் உப்பு கட்டியிருந்தால் டேங்க்மேல் கவிழ்ந்து பறக்கிறவர். அவருக்குத் துணியோடு ஒரு திட்டும் சேர்ந்து கிடைக்கும். ஒருவருடைய பின்இருக்கை ஹெல்மெட்டில் போன மாதம் ஒரு ஷாம்பூ வாசனை, இந்த மாதம் வேறொன்று. அதற்கு மட்டும் அக்கா வாயைத் திறக்கவில்லை.

பனி விழும் தேசங்களுக்கென்று தைத்த தடித்த ஜாக்கெட்டை, பார்க்க எடுப்பாக இருக்கிறது என்று வாங்கி மாட்டிக்கொண்டு வருகிறவர்களைக் கண்டால் அக்காவுக்கு ஆகாது. "இதைப் போட்டுட்டு இந்த வெயில்ல சுத்தினா வேர்க்குமா, வேகுமா?" என்று வாசலிலேயே பிடித்துக்கொள்வார்.

இப்பேர்ப்பட்ட அக்காவுக்கு வீட்டிலேயே ஒரு வழக்கு வந்து சேர்ந்தது. எதிர்த்தரப்பு அவருடைய கணவர்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் பைக்கில் பறக்க வேண்டும். லிஃப்டுகளோ உச்சி வெயில் பார்த்துத்தான் நிற்கின்றன. மூன்று மாதத்துக்கு முன் ஒரு திருப்பத்தில் மணல் சறுக்கி விழுந்துவிட்டார். எலும்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் உரிந்துவிட்டது. டாக்டர் இடுக்கியால் ஒவ்வொரு கல்லாக எடுத்துப் போட, அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அக்கா. கல் விழுந்த சத்தம் ஒவ்வொன்றும் இன்னும் அவர் காதில் இருக்கிறது. புண் ஆறிய மறுவாரமே ஒரு ஜாக்கெட் வாங்கி வந்து கணவர் முன்னால் வைத்தார். "இதைப் போட்டாத்தான் வண்டிச் சாவி." மெக்கானிக் தினமும் வாசலில் நின்று, கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிட்டு, சாவியை வாங்கிக்கொண்டு போனார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஜாக்கெட் துவைக்க வந்தது. அக்கா உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். உப்பு இல்லை. முகர்ந்தார். கிரீஸ் வாசனைதான் வந்தது. ஜாக்கெட் நாளெல்லாம் டூல்ஸ் பெட்டியோடு குடித்தனம் நடத்தியிருக்கிறது.

"என்னங்க, உங்களுக்கு வேர்க்கிறதே இல்லையா?"

"போற இடமெல்லாம் ஏசி. எப்படி வேர்க்கும்?"

"லிஃப்டுக்கு ஏசி இருக்கலாம். ரோட்டுக்குமா போட்டிருக்காங்க?"

மெக்கானிக் தினசரியை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். அக்கா அத்தோடு விட்டார். ஆனால் மெக்கானிக்குகள் பழுதைச் சரி செய்யாமல் விடுகிற ஜாதி இல்லையே!

அடுத்த ஞாயிறு வந்த ஜாக்கெட்டின் முதுகில் பளிச்சென்று ஒரு பெரிய வெள்ளை வட்டம். அக்காவின் முகம் மலர்ந்தது. முழுதாக அரை நிமிடம் சந்தோஷப்பட்டிருப்பார். பிறகு உள்பக்கத்தைத் திருப்பினார். வியர்வை உள்ளிருந்து வெளியே வரும். இது வெளியிலிருந்து உள்ளே போக முயன்று, பாதி வழியில் நின்றுபோயிருந்தது. அக்குளில் ஒன்றுமில்லை. முழங்கை மடிப்பு புதுத்துணி போலச் சுத்தம். சமையலறைக்குப் போய் உப்பு ஜாடியைத் திறந்தார். கால் ஜாடி குறைந்திருந்தது.

"முதுகு வேர்க்குது, அக்குள் வேர்க்கல. இதென்ன வியாதி? டாக்டர்கிட்ட காட்டிரலாமா?"

மெக்கானிக் சிரித்து மழுப்பப் பார்த்தார்.

"பதினோரு வருஷமா ஊரு வேர்வையைக் கழுவுறேன். எனக்கே காதுல பூ சுத்துறீங்களே!"

சொல்லும்போது அக்காவுக்கும் சிரிப்பு வந்தது. முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. கோபம் மேலாகத்தான் இருந்தது. கீழே இருந்ததெல்லாம் பயம்.

மெக்கானிக் தினசரியை மடித்துக் கீழே வைத்தார். "நீ நிழல்ல உட்கார்ந்து வேர்வையைப் பார்க்கிறவ. ஒருநாள், ஒரே ஒருநாள், இதை மாட்டிக்கிட்டு மத்தியானம் என்கூட வா. அப்புறம் நீ சொல்றதைக் கேக்குறேன்."

"வர்றேன். நாளைக்கே வர்றேன்" என்றார் அக்கா. ரோஷத்துக்குக் குறைச்சல் இல்லை.

திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை. பகல் ஒரு மணிக்குக் கணவரின் ஜாக்கெட்டும் ஹெல்மெட்டுமாக அக்கா தன் ஸ்கூட்டரில் அவருடைய பைக்கைத் தொடர்ந்தார். முதல் சிக்னலில், 'இவ்வளவுதானா!' என்று நினைத்தார். இரண்டாவது சிக்னலில் நினைப்பதையே நிறுத்திவிட்டார். முன்னால் ஒரு பஸ் நின்று சூடாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. முதுகில் தண்ணீர் ஓடியது. துடைக்க வழியில்லை, சொறியவும் வழியில்லை. மூன்றாவது சிக்னலில் எண்கள் தொண்ணூறிலிருந்து இறங்குவதைப் பார்த்தபோது, அறுபதுக்கும் ஐம்பத்தொன்பதுக்கும் நடுவில் ஒரு மாதம் போனதாக அவருக்குத் தோன்றியது.

போய்ச் சேர்ந்த கட்டடத்தில் வேலை ஆறாவது மாடியில். லிஃப்ட் ஓடவில்லை, ஓடியிருந்தால் இவர்களை ஏன் கூப்பிடுகிறார்கள்? ஜாக்கெட்டைக் கழற்றமாட்டேன் என்ற வீம்போடு படியேறிய அக்கா, இரண்டாவது மாடியில் கண் இருட்டிக்கொண்டு வந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மெக்கானிக் ஓடிவந்து ஜிப்பை இறக்கி ஜாக்கெட்டை உருவினார். தண்ணீர் கொடுத்தார். விசிறக் கையில் எதுவும் அகப்படாமல், லிஃப்ட் வாசலில் மாட்டியிருந்த 'பழுது, பொறுத்தருள்க' பலகையைக் கழற்றி வந்து அதனால் விசிறினார்.

மூச்சு திரும்பியதும் அக்கா கேட்டார். "இப்படி இருக்கும்னு ஏன் சொல்லல?"

"சொன்னா நீ மறுபடி அந்தக் கல்லு விழுந்த தட்டை நினைச்சுப்ப. அதான் போட்ட மாதிரியே இருந்துட்டுப் போவோம்னு..."

அக்கா மடியில் கிடந்த ஜாக்கெட்டின் உள்துணியை விரல்களுக்கு நடுவில் வைத்து அழுத்திப் பார்த்தார். பஞ்சு வைத்துத் தைத்த இரட்டை அடுக்கு. கடையில் தடிமனைப் பார்த்ததும், தடிமனாக இருந்தால் நன்றாகத் தாங்கும் என்று பறித்துக்கொண்டு வந்தவர் அவரேதான். அடுத்தவர் வாங்கியிருந்தால் வாசலிலேயே பிடித்திருப்பார்.

"இது பனி பெய்யிற ஊரு சட்டைங்க" என்றார். "பயத்துல நான் பார்க்கவே இல்ல. தப்பு என்னுது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "உப்பு உங்க தப்பு" என்று சேர்த்துக்கொண்டார்.

அன்று மாலையே கத்தரிக்கோல் வேலைக்கு இறங்கியது. கழுவ வந்த துணியில் ஒரு நூலைக்கூட அறுத்தறியாத கை, பஞ்சு அடுக்கை முழுசாக உரித்துப் போட்டது. மார்பிலும் முதுகிலும் துணியை வெட்டியெடுத்துவிட்டு, காற்று புகும் கெட்டி வலைத்துணியை இரட்டைத் தையலில் பொருத்தியது. தோள், முழங்கை, முதுகுக் காப்புத் துண்டுகள் மட்டும் அசையாமல் அவற்றின் இடத்திலேயே இருந்தன. போட்டுப் பார்த்த மெக்கானிக், கண்ணாடி முன் இப்படியும் அப்படியும் திரும்பினார்.

"கொசுவலைக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு. கூட வேலை பார்க்கிறவன்லாம் சிரிப்பான்."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும்."

அந்த வாரம் முழுக்க அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும். வருகிற பதில் நிஜமா என்று மறுபடி ஆராய வேண்டும். தினமும் சாவியை நீட்டினார், வாசலில் ஜிப் ஏறுகிற சத்தத்தைக் கேட்டார், அதற்குமேல் தெரு திரும்பியதும் என்ன நடக்கிறது என்பதை அவரால் பார்க்க முடியாது. கடையில் இரண்டு ஹெல்மெட்டுகளின் மெத்தைகளை ஞாபகமில்லாமல் மாற்றிப் பொருத்திவிட்டார். பஞ்சர் கடைக்காரர், "உடம்பு சரியில்லையாக்கா?" என்று விசாரித்தார்.

ஞாயிறு காலை ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு அக்கா கடைக்கு வந்தார். தொட்டியில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் ஊற்றி, ஷாம்பூவைக் கலந்து நுரை எழுப்பிய பிறகுதான் ஜாக்கெட்டின் வலது கையை உள்வெளியாகத் திருப்பினார். அக்குளிலிருந்து பட்டையாக வெள்ளை இறங்கியிருந்தது. முழங்கை மடிப்பில், கை மடங்கி மடங்கி நிமிர்ந்த இடத்தில், உப்பு சின்னச் சின்னக் கீற்றுகளாக உடைந்து கிடந்தது. எந்த ஜாடியாலும் அப்படி உடைத்துப் போட முடியாது. அக்கா விரலால் தடவிப் பார்த்தார். கண் கலங்கியது; ஷாம்பூ பட்டுவிட்டதுபோல முன்கையால் அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

முதல் வாடிக்கையாளர் ஹெல்மெட்டோடு வந்து நின்றபோது, அக்கா ஸ்டூலைப் போட்டு ஏறியிருந்தார். கழுவிக் காய்ந்த சட்டைகளை மாட்டும் வாசல் கம்பியில், அந்த ஜாக்கெட்டைத் தண்ணீரே காட்டாமல் மாட்டிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, அழுக்காவே தொங்க விடுறீங்க?"

அக்கா உள்வெளியாகவே இருந்த ஜாக்கெட்டின் வலது கையை மட்டும் மெதுவாகத் திருப்பி, முழங்கை மடிப்பு தெருவைப் பார்க்கும்படி வைத்து, காற்றில் திரும்பிவிடாமல் ஒரு கிளிப் போட்டார்.