அக்கா திருப்பிக் கேட்ட ரயில்கள்

எங்கள் அக்கா இறைவனிடம் சென்று ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், திருப்பலியில் பங்குகொண்டு இந்நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கை எழுதிக்கொள்வது. இத்தகைய மலர்களில் நல்லதை எழுதி மற்றதை விட்டுவிடுவது வழக்கம். அக்கா அதை விரும்பவில்லை. "என்ன வருத்தம் வந்து செத்தனான் எண்டதைச் சரியா எழுது. சிறிது காலம் சுகவீனமுற்று எண்டு எழுதாதை" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி என்னிடம் சொன்னார். அதன்படியே எழுதுகிறேன்.

அக்கா கொட்டாஞ்சேனையில், துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும் ஒரு மாடி வீட்டில் மூத்த மகளாகப் பிறந்தார். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது, சரக்கு இறக்கும் இடத்தில் விபத்தில் இறந்தார். அக்காவுக்கு அப்போது பத்தொன்பது. அடுத்த மாதமே கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கொம்பனியில் தட்டச்சு வேலைக்குப் போனார். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். வெள்ளவத்தையில் என்னைக் கட்டிக்கொடுத்தவரும் அவரே. படுக்கையில் விழுந்த அம்மாவைப் பதினொரு வருடம் தனியாகப் பார்த்தார். அவருக்கும் சம்பந்தங்கள் வந்தன. "அம்மாவை ஆர் பாக்கிறது?" என்று ஒரே கேள்வியில் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிடுவார். அந்தக் கேள்விக்கு "நான் பாக்கிறன்" என்று நான் ஒருநாளும் பதில் சொன்னதில்லை.

அம்மா இறந்த வருடம்தான் ரயில்கள் வீட்டுக்கு வந்தன. அக்காவின் அலுவலகத்தில் மேலாளராக இருந்த ஒரு பறங்கிக் கனவான் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தபோது, தம் வீட்டுச் சாமான்களை ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். அலுமாரி, மின்விசிறி, கண்ணாடிக் கிண்ணங்கள் எல்லாம் போனபின், ஒருவரும் வேண்டாத தேயிலைப் பெட்டி ஒன்று மிஞ்சியது. அக்கா அதை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். உள்ளே சாவி முறுக்கி ஓட்டும் பழைய தகர எஞ்சின் ஒன்று, மூன்று பெட்டிகள், வளைந்துபோன தண்டவாளத் துண்டுகள். எஞ்சின் ஓடவில்லை. குசினிக் கத்தியால் அதன் அடியைத் திறந்து, தையல் மெஷின் எண்ணெய் விட்டு, மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அதனோடு மல்லுக்கட்டினார். நாலாம் ஞாயிறு நான் போனபோது அது சாப்பாட்டு மேசையில் வட்டமாக ஓடிக்கொண்டிருந்தது. அக்கா கன்னத்தில் கைவைத்து, சிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு சிரிப்பை அவர் முகத்தில் அதற்கு முன் நான் கண்டதில்லை. அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனமில்லாமல், கேட்க வேண்டிய பலதை நாங்கள் பிறகு கேட்காமல் விட்டோம்.

மாளிகாவத்தையில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் ஃபாரூக் நானா அக்காவுக்காகவே சாமான் எடுத்து வைக்கத் தொடங்கினார். "மிஸ், கோச்சிச் சாமான் ஒண்டு வந்தீக்கி. வேற ஆளுக்குக் காட்டல்ல, வந்து பாருங்க" என்று தொலைபேசியில் சொல்வார். ரயிலை அவர் கோச்சி என்பார். பத்துப் பன்னிரண்டு வருடங்களில் முன்னறை முழுவதும் எஞ்சின்கள் அடுக்கப்பட்டன. பெரும்பாலானவை எங்கள் அப்பா பிறப்பதற்கு முன் செய்யப்பட்டவை.

அவற்றைத் திருத்தும் முறையைச் சொல்லவேண்டும். துருப்பிடித்த பழைய பெயின்டை முதலில் கத்தியால் சுரண்டி, பிறகு சாண்ட்பேப்பரால் தேய்ப்பார். தூளை வாயால் ஊதித் தள்ளுவார். புதுப் பெயின்டில் தூசி ஒட்டாமல் இருக்க ஜன்னல்களைச் சாத்தியே வைத்திருப்பார். மின்விசிறியும் போடமாட்டார். மெல்லிய கோடு கீறும்போது தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்குவார். அந்தக் காலத்து வார்ப்புச் சக்கரங்கள் சில தாமாகவே வெடித்துத் தூளாகிவிடும். மாற்றுச் சக்கரம் இங்கே கிடைக்காது. அதனால் ஃபாரூக் நானாவிடம் ஈயம் வாங்கி, மண்ணெண்ணெய் அடுப்பில் உருக்கி, சக்கரங்களையும் புகைக்குழாய்களையும் தாமே வார்த்தார். மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலை அதே மேசையில்தான் பிரிப்பார்.

ஓய்வு பெற்ற பிறகு நாள் முழுவதும் அந்த அறையிலேயே இருந்தார். நான் ஞாயிறுதோறும் போவேன். முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "வாயு" என்றார். சோடா குடித்தார். பிறகு, "மீன்குழம்பு சல்லிக்காசை வாயில வச்ச மாதிரி இருக்கு. நீ என்ன போட்டனீ?" என்று என்னைக் கோபித்தார். ஒருநாளும் குரல் உயர்த்தாதவர், கீழ்வீட்டுக்காரர் கதவை அடித்துச் சாத்தினார் என்று படியில் நின்று ஏசினார். அம்மாவின் நினைவுத் திருப்பலியை மறந்தார். நாங்கள் கோயிலில் காத்திருந்தோம். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் சாண்ட்பேப்பரோடு இருந்தார். "இண்டைக்கோ?" என்று மட்டும் கேட்டார்.

முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. ஒரு வைத்தியர் இரத்தம் குறைவு என்று மருந்து கொடுத்தார். இன்னொருவர் வயது என்றார். அக்கா சிரிக்கும்போது பல் ஈறின் ஓரத்தில் நீலமாக ஒரு கோடு தெரிவதை நான் கண்டேன். தேநீர்க் கறை என்று நினைத்துக்கொண்டேன். அறைக்குள் போனால் என் நாக்கிலும் ஏதோ இனிப்பாகப் படும். பெயின்ட் மணம் என்று நினைத்தேன். அக்கறையான பெண் என்று என்னைப் பலர் சொல்வதுண்டு. அவர்கள் இதை வாசிக்கட்டும்.

பெரிய வெள்ளிக்கு முந்திய ஞாயிறு, குருத்தோலையோடு பக்கத்தில் நின்ற அக்கா சிலுவை அடையாளம் போடக் கையைத் தூக்கினார். கை நெற்றி வரை வந்தது. மணிக்கட்டு நிமிரவில்லை. துணியைப் போலத் தொங்கியது. இடக்கையால் அதைப் பிடித்து நெற்றியில் வைத்தார். "என்னக்கா?" என்றேன். "ஒண்டுமில்லை, விறைச்சுப் போச்சு. பாட்டைப் பாடு" என்றார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இளம் பெண் வைத்தியர் ஒருவர் நிறையக் கேட்டார். அக்கா எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்றே சொன்னார்.

"வீட்டில பொழுதுபோக்கா என்ன செய்வீங்க அம்மா?"

நான்தான் சொன்னேன்: "சும்மா, பழைய பொம்மை ரயில் திருத்துறவா."

வைத்தியர் பேனாவைக் கீழே வைத்தார். எழுந்து வந்து, அக்காவின் கீழுதட்டை விரலால் இழுத்து ஈறைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

இரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. பழைய பெயின்டில் ஈயம் கலந்திருக்குமாம். சுரண்டிய தூளும் உருக்கிய புகையும் வருடக்கணக்காக உள்ளே போயிருக்கின்றன. எலும்பிலும் சிறுநீரகத்திலும் சேர்ந்துவிட்டது. மருந்து தரலாம், ஆனால் சிறுநீரகம் பழையபடி ஆகும் என்று சொல்லமுடியாது என்றார் வைத்தியர். நான் அழுதேன். அக்கா அழவில்லை.

"டொக்டர், சின்னப் பிள்ளையள் அதை வச்சு விளையாடினா?"

"அதுதான் பெரிய ஆபத்து. வாயில வைப்பாங்க. அவங்களுக்குக் கொஞ்சமே போதும். ஏன், வீட்டில பிள்ளைங்க இருக்கா?"

அக்கா என்னைப் பார்த்தார். என் மகளின் குழந்தைக்கு முதலாம் பிறந்தநாளுக்கு அக்கா கொடுத்த சிவப்பு எஞ்சின் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அங்கே ஓட்டோவில் போனோம். வீட்டில் அது விளையாட்டுக் கூடைக்குள் கிடந்தது. அக்கா அதை எடுத்து ஜன்னலருகே கொண்டுபோனார். புகைக்குழாயின் விளிம்பில் சிறு சிறு பற்களின் தடம் இருந்தது.

பேத்தியின் இரத்தத்தைக் கொடுத்து ஒன்பது நாட்கள் காத்திருந்தோம். அந்த நாட்களில் அக்கா எங்கள் வீட்டில்தான் இருந்தார். குழந்தையைத் தூக்கவில்லை, அது அழுதபடி அவர் காலைப் பிடித்தபோதும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே நின்றார். குழந்தையின் இரத்தத்திலும் ஈயம் இருந்தது. நல்ல காலம், சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு இல்லை. இப்போது குறைந்து வருகிறது. இன்னும் பரிசோதனைக்குக் கொண்டுபோகிறோம். அவள் பிந்திப் பேசினால், பெயரை மறந்தால், என் மகள் அடுத்த பரிசோதனைத் திகதியை எடுத்துப் பார்ப்பாள்.

அக்கா குழந்தைகளுள்ள வீடுகளுக்குக் கொடுத்தவை நான்கு. எங்களுடையதைத் தவிர மற்ற மூன்றையும் தாமே போய் வாங்கி வருவதாகச் சொன்னார். தொலைபேசியில் சொல்லலாமே என்றேன். "சொன்னா ஓம் எண்டிட்டு அலுமாரிக்கு மேல வைப்பினம். பிறகு ஆரும் எடுத்துப் பிள்ளையளுக்குக் குடுப்பினம்." நடக்கவே கஷ்டப்பட்ட நிலையில், தொங்கும் கையை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினார்.

வத்தளையில் சித்தி மனம் நொந்துபோனார். "குடுத்ததைத் திருப்பிக் கேக்கிறாய் பிள்ளை. நாங்கள் என்ன குறை விட்டனாங்கள்?"

"ஒரு குறையும் இல்லை சித்தி. அதில விஷம் இருக்கு."

"மூண்டு வருஷமா பிள்ளையள் விளையாடுதுகள். ஒண்டும் நடக்கேல்லையே."

"எனக்கும் பத்து வருஷமா ஒண்டும் நடக்கேல்லை, சித்தி."

சித்தி எடுத்துக் கொடுத்தார். இன்னொரு வீட்டில், அக்காவோடு வேலை செய்த ஒருவரின் வீட்டில், நாங்கள் படியிறங்கும்போது உள்ளே ஒருவர், "அவவுக்குத் தலை குழம்பிப்போச்சு, பாவம்" என்றது கேட்டது. அக்காவுக்கும் கேட்டிருக்கும். திரும்பிப் போய், இல்லை, அக்கா சொல்வது உண்மை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வெட்கத்தில் ஓட்டோவைக் கைகாட்டி நிறுத்தினேன். இந்த மலர் அந்த வீட்டுக்கும் போகிறது. அக்காவின் தலை தெளிவாகவே இருந்தது.

நான்கும் வந்து சேர்ந்த பிறகுதான் அக்காவுக்கு ஐந்தாவது ஒன்று நினைவுக்கு வந்தது. தேவாலயத் திருவிழாவின் சீட்டிழுப்புக்கு ஒரு பச்சை எஞ்சினைப் பரிசாகக் கொடுத்திருந்தார். யாருக்கு விழுந்தது என்று கோயிலில் ஒருவருக்கும் தெரியவில்லை. சீட்டில் இலக்கம் மட்டுந்தான். ஒரு குழந்தையைத் தூக்கிவந்த தாய் வாங்கிப் போனதாகப் பாடற்குழுப் பெண் ஒருத்தி நினைவுகூர்ந்தாள். பங்குத்தந்தை மூன்று ஞாயிறுகள் பூசை முடிவில் தமிழிலும் சிங்களத்திலும் அறிவித்தார். ஒருவரும் வரவில்லை.

முன்னறையைச் சுத்தம் செய்ய ஃபாரூக் நானா முகக்கவசத்தோடு வந்தார். எஞ்சின்களைப் பொலித்தீனில் சுற்றி, இரும்புப் பெட்டிகளில் அடைத்து, ஒட்டி மூடினார். ஈரத்துணியால் சுவர்களைக்கூடத் துடைத்தார். வேலை முடிந்து படியில் குந்திக்கொண்டு, "ஈயத்த நான்தானே மிஸ் தந்த. எனக்குத் தெரிஞ்சீந்தா தந்தீக்கமாட்டேன்" என்றார். அக்கா, "நான்தானே நானா கேட்டது" என்றார். நானா இன்றுவரை மருதானைக் கடைகளில் பச்சை எஞ்சினைத் தேடுகிறார்.

சிறுநீரகங்கள் நின்றுபோயின. கிழமைக்கு மூன்று முறை இரத்தம் சுத்திகரித்தார்கள். ஒவ்வொரு முறையும் நான் வாசலில் தெரிந்தவுடன் அக்கா கேட்பது ஒன்றுதான்: "கிடைச்சதோ?" கடைசிக் கிழமையில் மூச்சு வாங்கியது. என்னால் தாங்க முடியவில்லை.

"கிடைச்சிட்டுது அக்கா. ஜிந்துப்பிட்டியில ஒரு வீட்டில."

அவர் கண் திறந்தார். "எத்தினை பெட்டியோட?"

"மூண்டு."

"ரெண்டுதான் குடுத்தனான்" என்றார். பிறகு சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த நாள் காலை, பால்காரரின் மணி கேட்கும் நேரத்தில், உயிர் பிரிந்தது. எங்களுக்குள் நடந்த கடைசிப் பேச்சு அதுதான்.

ஈறைப் பார்த்த அந்த வைத்தியருக்கும், சிகிச்சைப் பிரிவுத் தாதியருக்கும், மனம் நொந்தாலும் பொருளைத் திருப்பித் தந்த சித்திக்கும் மற்ற இரு வீட்டாருக்கும், பங்குத்தந்தைக்கும், ஃபாரூக் நானாவுக்கும், வெளிநாட்டிலிருந்து பேசி ஆறுதல் தந்தவர்களுக்கும், இறுதி ஊர்வலத்தில் மழையில் நடந்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெயர் விடுபட்டோர் பொறுத்துக்கொள்க. செய்த உதவி எதையும் நாங்கள் மறக்கவில்லை.

அக்காவின் பெயரால் ஒரு உதவி மட்டும் கேட்கிறேன். அந்த எஞ்சின் ஒரு சாண் நீளம். கடும்பச்சை நிறம். பக்கவாட்டில் மெல்லிய மஞ்சள் கோடு. புகைக்குழாய் கறுப்பு. சாவி இடப்பக்கம். பின்னால் இரண்டு சிவப்புப் பெட்டிகள். மிகவும் அழகாக இருக்கும், எந்தக் குழந்தையும் கையில் எடுக்கும். நீங்கள் போகும் வீடுகளில், விருந்துகளில், பாலர் பாடசாலைகளில், பழைய சாமான் கடைகளில் கண்ணை வைத்திருங்கள். கண்டால் இந்த மலரைத் தந்தவரிடம் சொல்லுங்கள், நாங்கள் வருவோம். நாங்கள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அதைக் குழந்தையின் கையிலிருந்து வாங்கிவிடுங்கள். குழந்தை அழும். அழட்டும்.