லாண்டரி அறையைத் திறக்கச் சொன்னார்கள்

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு 'எக்ஸ்சேஞ்ச்' என்று பெயர். டெலிபோன் ஸ்விட்ச்போர்டைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுப் பல வருஷமாகிவிட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. சின்ன நர்ஸுகளுக்கு எக்ஸ்சேஞ்ச் அக்கா. டாக்டர்களுக்கு எக்ஸ்சேஞ்ச் அம்மா. அவளைப் பிடிக்காதவர்களுக்கு வெறும் எக்ஸ்சேஞ்ச். அந்தக் கட்சியிலும் ஆளுக்குப் பஞ்சமில்லை.

மாடிப்படிக்கு அடியில், ஜன்னல் இல்லாத ஒரு பொந்தில்தான் அவள் வேலையை ஆரம்பித்தாள். எந்த டாக்டர் எதிர் ஆஸ்பத்திரியோடு பேரம் பேசுகிறார், எந்த நர்ஸ் யாரோடு கொஞ்சுகிறாள் என்று ஊர் ரகசியம் முழுக்க அவள் காது வழியாகத்தான் போயாக வேண்டும். ஆனால் லைனைக் கொடுத்த கையோடு ஹெட்செட்டைக் கழற்றி மேஜையில் வைத்துவிடுவாள். "அதுக்கு மேல கேட்டா நான் ஆபரேட்டர் இல்ல, திருடி" என்பாள். சாது என்று நினைத்துவிட வேண்டாம். லைனில் சத்தம் போட்ட ஒரு பெரிய சர்ஜனையே, "மரியாதையா கேட்டா கிடைக்கும்" என்று காத்திருக்க வைத்தவள்.

அப்புறம் ஆளுக்கொரு கைபேசி வந்தது. அதன் பின்னால் 'கூடம்' வந்தது. ஆஸ்பத்திரியில் இருக்கிற எல்லோரும் ஒரே இடத்தில் எழுதிக்கொள்ள, ஷிஃப்ட் பட்டியல் போட, கோப்புகளை வைக்க நிர்வாகம் வாங்கிப் போட்ட மென்பொருள் அது. கூடத்துக்குள் ஒவ்வொரு துறைக்கும் ஒரு அறை. வாங்கியதோடு நம் கடமை முடிந்தது என்று மேலிடம் கையைத் துடைத்துக்கொண்டது. யார் வேண்டுமானாலும் அறை திறக்கலாம் என்று விட்டதில் மழைக்கு முளைத்த காளான் மாதிரி அறைகள் முளைத்தன. அவசர சிகிச்சைக்கு மட்டும் நாலைந்து. வேலையை விட்டுவிட்டு எதிர் ஆஸ்பத்திரிக்குப் போன டாக்டர் ஒருவர், இங்கிருந்த அறையிலேயே உட்கார்ந்துகொண்டு தினமும் நம் ஷிஃப்ட் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை கட்டைவிரலை உயர்த்திப் பாராட்டு வேறு தெரிவித்தார், புண்ணியவான்.

ஒரு நாள் ஆக்சிஜன் தீரப்போகிறது என்ற செய்தி, யாருமே பார்க்காத செத்த அறை ஒன்றில் போய் விழுந்தது. வார்டு ஆயா ஒருத்தி தற்செயலாக சிலிண்டரின் முள்ளைப் பார்த்து ஓடியதால் ஒரு உயிர் தப்பியது. ஆஸ்பத்திரியைக் கட்டிய பெரிய டாக்டரம்மா அன்றைக்குப் போட்ட சத்தத்தில் மூன்றாவது மாடி வரைக்கும் அமைதி. உடனே ஒரு குழு போட்டார்கள். "போனை எல்லாம் பாத்துக்கிட்டவங்கதானே, இதையும் பாக்கட்டும்" என்று பொது மேலாளர் எக்ஸ்சேஞ்சைக் கை காட்டினார். வெயிலிலும் மழையிலும் கோட்டைக் கழற்றாத மனிதர் என்பதால் அவருக்குக் 'கோட்டு' என்று பெயர். அந்தக் கை காட்டலுக்காக அவர் பின்னால் எவ்வளவு வருத்தப்பட்டிருப்பார் என்று நினைத்தால் எனக்கே பாவமாக இருக்கிறது. அவ்வளவாக இல்லை.

எக்ஸ்சேஞ்ச் துறை துறையாக ஏறி இறங்கினாள். எதற்கு இந்த அறை, யார் பொறுப்பு, வேலை முடிந்தால் எப்போது மூடுவீர்கள் என்று குடைந்தாள். "பொண்ணு குடுக்கறவங்ககூட இவ்வளவு கேள்வி கேக்க மாட்டாங்க" என்று எக்ஸ்ரே ஆள் அலுத்துக்கொண்டான். அவள் அசரவில்லை. அறைக்கு இரண்டு பொறுப்பாளர்கள், அதில் ஒருவர் அதிகாரியாக இருக்கக் கூடாது. வேலையை விட்டவரை அன்றைக்கே வெளியே அனுப்ப வேண்டும். ஆறு மாதம் பேச்சுமூச்சில்லாத அறையை, பொறுப்பாளரைக் கேட்டு மூட வேண்டும். இப்படி ஒவ்வொன்றாக விதி போட்டுக் கூடத்தைக் கூட்டிப் பெருக்கினாள்.

சண்டை வந்தது லாண்டரியில். "துணி துவைக்கறவங்களுக்கு எதுக்கும்மா இதெல்லாம்?" என்றார் கோட்டு.

"துணி இல்லாம ஆபரேஷன் பண்ணுவீங்களா சார்?"

லாண்டரிக்கும் ஒரு அறை கிடைத்தது. அதில் எழுதச் சொல்லிக்கொடுக்க அவள் கீழ்த்தளத்துக்கு இறங்கினாள். நீராவியும் சோப்பு நெடியும் மூச்சை முட்டின. விரிப்புகளைத் தேய்க்கிற பெரிய உருளை மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அங்கே எல்லோருக்கும் மூத்தவளான இஸ்திரி அக்கா, போனைச் சந்தேகமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நாங்க எழுதறதை மேல யாராச்சும் படிப்பாங்களா?"

"நான்கூட எட்டிப் பாக்க மாட்டேன்க்கா."

"இப்ப சொல்லுவீங்க. பெரியவங்க அதட்டினா?"

அந்தக் கேள்வி எக்ஸ்சேஞ்சின் நெஞ்சில் தைத்தது. கூடத்தின் நிர்வாகி என்ற முறையில் அவள் ஒரு பட்டனைத் தட்டினால் எந்த அறையும் திறக்கும். வேலியே பயிரை மேய எவ்வளவு நேரமாகும்? நாளைக்கு அவள் இடத்தில் இன்னொருவர் வரலாம். வாய்ச்சொல் போதாது என்று கடைசியாக ஒரு விதி எழுதினாள். ஒரு அறையை, அதில் இல்லாத வெளியாள் யாராவது திறந்து பார்க்கக் கேட்டால், கேட்டவர் பதவியையும், அவர் சொன்ன காரணத்தை அவர் வாயால் சொன்னபடியும், கூடத்தின் பொதுப் பலகையில் போட வேண்டும். அறையின் இரண்டு பொறுப்பாளர்களும் சம்மதித்தால்தான் திறக்கலாம். உயிர் போகிற அவசரத்துக்கு மட்டும் விலக்கு.

குழுக் கூட்டத்தில் அந்த விதி வந்தபோது சாப்பாட்டு நேரம். எல்லோர் கண்ணும் கதவில். அவள் நிறுத்தி நிதானமாகப் படித்தாள். "சார், இது உங்களுக்கும் சேத்துத்தான்."

"எனக்கும்தாம்மா! விதின்னா எல்லாருக்கும்தான். போடுங்க போடுங்க" என்று கோட்டு எழுந்துவிட்டார். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். அன்றைக்கு அதில் ஒரு மேலாளரின் எச்சரிக்கையும் பறந்தது.

அப்புறம் ஒரு வருஷம் போல நிம்மதி. பிறகுதான் உருளை மிஷின் ஒரு பெண்ணின் கையைப் பிடித்தது. கை உள்ளே போகாமல் தடுக்கிற தகடு உடைந்து வெகுநாளாகியிருந்தது. மாற்றச் சொல்லிக் கேட்டுக் கேட்டு இஸ்திரி அக்காவுக்குத் தொண்டை வற்றியதுதான் மிச்சம். பெண்ணின் உள்ளங்கை வெந்துபோயிற்று. "கவனக்குறைவு" என்று அவளுக்கே ஓலை கொடுத்தது நிர்வாகம். குதிரை கீழே தள்ளினதும் போதாதென்று குழியும் பறித்ததாம். வெந்த கையையும் உடைந்த தகட்டையும் யாரோ படமெடுத்துத் தொழிலாளர் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்துவிட்டது.

கோட்டு எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டு அறைக் கதவைச் சாத்தினார்.

"லாண்டரி குரூப்பைத் திறங்க. படம் அனுப்பினது யாருன்னு அதுல பேசியிருப்பாங்க."

"தெரிஞ்சா என்ன சார் பண்ணுவீங்க?"

"அதை நான் பாத்துக்கறேன்."

என்ன பார்த்துக்கொள்வார் என்று அவளுக்குத் தெரியாதா? மறுநாளே சீட்டைக் கிழிப்பார். படம் எடுத்தவள் யாரோ, அவளுக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே.

"காரணம் சொல்லுங்க சார். விதிப்படி பலகையில போடணும்."

"என்ன பெரிய விதி? நான் சொல்றேன்ல, அதுதான் காரணம்!" மேஜையில் ஒரு தட்டு. "ரிட்டையர் ஆகப்போற நேரத்துல எதுக்கும்மா வம்பு? சாயங்காலம் வரைக்கும் டைம் தர்றேன். முடியலன்னா வேற இடம் பாத்துக்கலாம்."

அவள் மத்தியானம் வீட்டுக்குப் போனாள். அவள் கணவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். கால் மேல் கால் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், கதையைக் கேட்டதும் பேப்பரை மடித்தார்.

"உனக்கு எதுக்கு ஊர் வம்பு? பட்டனைத் தட்டிட்டுப் பேசாம இரேன். யாருக்குத் தெரியப்போவுது?"

"ஏங்க, உங்க பஸ்ல டிக்கெட் இல்லாம எம்.டி. ஏறினாரே, என்ன பண்ணீங்க?"

"இறக்கி விட்டேன்." அவர் மீசை தன்னால் நிமிர்ந்தது. "அதுக்குத்தான் என்னை மலையடிவார ரூட்டுக்குத் தூக்கிப் போட்டானுங்க. ரெண்டு வருஷம் தூசி தின்னேன்."

"வருத்தப்பட்டீங்களா?"

அவர் எழுந்து போய்த் தட்டை எடுத்து வைத்தார். பிறகு, "சாப்பிட்டுட்டுப் போ. வெறும் வயித்தோட சண்டை போடாதே" என்றார்.

அவள் சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள். பயம் இருந்ததா என்றால் இருந்தது. ஆனால் பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது. வெந்தது அந்தப் பெண்ணின் கை, அதற்கு அவர்கள் பேச்சை இவள் ஒளிந்து பார்க்க வேண்டுமா? முடியாது. டாக்டர் முதல் தோட்டக்காரர் வரைக்கும் எல்லோரும் பார்க்கிற பொதுப் பலகையில், விதி சொன்னபடி ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் போட்டாள்.

"லாண்டரி அறையைத் திறந்து பார்க்கக் கோரிக்கை. கேட்டவர்: பொது மேலாளர். காரணம்: 'நான் சொல்றேன்ல, அதுதான் காரணம்.' அறையின் பொறுப்பாளர்கள் பதில் சொல்லவும்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். வராந்தாவில் ஆளாளுக்குப் போனைப் பார்த்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், சிரிப்பை அடக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். எக்ஸ்ரே ஆள் அடக்கவில்லை. லாண்டரி அறையின் இரண்டு பொறுப்பாளர்களில் ஒருவரான சூப்பர்வைசர் பட்டும் படாமல் 'யோசித்துச் சொல்கிறேன்' என்று எழுதினார். இன்னொரு பொறுப்பாளரான இஸ்திரி அக்காவுக்கு யோசிக்க ஒன்றுமில்லை.

"திறக்க வேணாம். சாருக்கு என்ன தெரியணுமோ அதை நேர்ல வந்து கேக்கட்டும். லாண்டரிக் கதவு எப்பவும் திறந்துதான் இருக்கு."

கோட்டு அதற்குப் பதில் எழுதவில்லை. எக்ஸ்சேஞ்சுக்கு ஆர்டர்தான் வந்தது. கூடம் இனி கணக்குப் பிரிவுக்காரர் பொறுப்பு, நீங்கள் வாசல் விசாரணை மேஜைக்குப் போங்கள். 'எக்ஸ்ரே எங்கே, பாத்ரூம் எங்கே' என்று வருகிறவர்களுக்கு வழி சொல்கிற வேலை. அந்த வயதில் அது அடிதான். வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவள் தலையைக் குனிந்துகொண்டு போகவில்லை. தன் டம்ளரையும் முதுகுக்கு வைக்கிற தலையணையையும் எடுத்துக்கொண்டு, வராந்தா நடுவில், எல்லோரும் பார்க்க நடந்துபோய் வாசல் மேஜையில் உட்கார்ந்தாள்.

கணக்குப் பிரிவுக்காரர் பயந்த சுபாவம். நிழலுக்குக்கூட வணக்கம் சொல்கிறவர். அதனால்தான் கோட்டு அவரைத் தேர்ந்தெடுத்தார். அங்கேதான் ஒரு தப்புக் கணக்குப் போட்டார். பயந்தவன் மேலாளருக்கு மட்டும் பயப்பட மாட்டான், விதிக்கும் பயப்படுவான். வாரம் திரும்புவதற்குள், வாசல் மேஜையில் உட்கார்ந்திருந்த எக்ஸ்சேஞ்சின் போன் கிணுகிணுத்தது. பொதுப் பலகையில் புது அறிவிப்பு.

"லாண்டரி அறையைத் திறந்து பார்க்க மறு கோரிக்கை. கேட்டவர்: பொது மேலாளர். காரணம்: மேற்படி."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். எதிரே மருந்துச் சீட்டோடு நின்ற கிழவர் மிரண்டுபோனார். "உங்களை இல்லங்கய்யா. பார்மஸி இடது பக்கம்" என்று அவரை அனுப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், அறிவிப்புக்குக் கீழே இன்னொரு வரி வந்திருந்தது. பெரிய டாக்டரம்மா. இவ்வளவு நாள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த மனுஷி.

"மேலாளர் இன்னும் லாண்டரிக்குப் போகவில்லையா? இன்றைக்குப் போய், அந்த மிஷினைப் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்லவும்."

கொஞ்ச நேரத்தில் லிஃப்ட் கதவு திறந்தது. கோட்டு வெளியே வந்தார். வராந்தாவின் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். வார்டு ஆயாக்கள் அங்கங்கே பெருக்குகிற சாக்கில் நின்றுவிட்டார்கள். இத்தனை வருஷம் இந்தக் கட்டிடத்தை ஆண்ட மனுஷருக்குப் போகிற வழி தெரியவில்லை. வேறு வழியில்லாமல் மேஜைக்கு வந்து, எக்ஸ்சேஞ்சின் முகத்தைப் பார்க்காமல், அடித்தொண்டையில் கேட்டார்.

"லாண்டரி... எந்தப் பக்கம்?"

அவள் எழுந்து நின்றாள். வழி சொல்வதுதானே இப்போது அவள் உத்தியோகம்.

"நேராப் போய், படியில கீழ இறங்குங்க சார். சோப்பு வாசனை வரும், அந்தப் பக்கம் திரும்புங்க. மிஷின்கிட்ட போகும்போது பாத்து, தகடு இன்னும் மாத்தல." வராந்தா முழுக்கக் கேட்கும்படி, பழைய ஆபரேட்டர் குரலில் சொன்னாள். "கோட்டைக் கழட்டிட்டுப் போங்க. உள்ள சூடு தாங்காது."