அக்கா கேட்ட உருமா

அப்பா இறந்தபோது நான் கொச்சியில் ஒரு ஓட்டலில் மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன். எந்த வேலையிலும் ஒரு வருஷம் நிலைத்ததில்லை. கொள்ளி வைக்க மகன் வரவேண்டும் என்று அப்பாவை ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருந்தார்கள். மரக்காணத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போனேன். அக்கா, "சாப்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

அவள் புருஷனை விட்டு வந்து பல வருஷம் ஆகிறது. உப்பளத்தில் கூடை சுமந்துகொண்டே, படுக்கையில் கிடந்த அப்பாவுக்கு எல்லாம் செய்தவள் அவள்தான். உப்பளத்துப் பெண்கள் சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டிக்கொள்வார்கள். வெயில் மேலிருந்தும் அடிக்கும், உப்பில் பட்டுக் கீழிருந்தும் அடிக்கும். கட்டாமல் நின்றால் மதியத்துக்குள் மயக்கம் வந்துவிடும்.

கருமாதி அன்று தாய்மாமன் புதுத்துணி கொண்டுவந்து மகன் தலையில் உருமா கட்டுவார். செத்தவர் இடத்தில் இனி இவன்தான் என்று ஊருக்குச் சொல்வது அது. எங்கள் ஊரில் வீடுகளை எண்ணுவதே தலைக்கட்டு என்றுதான். கோயில் கூட்டத்துக்கு அழைப்பதும் ஆடி மாதம் கூழ் ஊற்றக் கூப்பிடுவதும் அந்தத் தலைக்கட்டு ஆம்பளையைத்தான்.

ஏரிக்கரையில் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தேன். மாமா துணியைப் பிரித்தார். பெண்கள் பக்கமிருந்து அக்கா எழுந்து வந்தாள்.

"மாமா, அத எனக்குக் கட்டு."

மாமா சிரித்துவிட்டார். "ஏம்மா, தெனம் உப்பளத்துல கட்டிக்கினுதான நிக்கிற? அது போதலியா?"

"அது வெயிலுக்கு மாமா. இது வீட்டுக்கு. இவன் காரியம் முடிஞ்சதும் பஸ் ஏறிடுவான். இருக்கப் போறது நானு."

"அப்பிடியே மீசையும் வெச்சிக்கச் சொல்லுப்பா!" என்றார் பங்காளி ஒருத்தர். கரை முழுக்கச் சிரிப்பு. அக்கா சிரிக்கவில்லை, நகரவும் இல்லை.

"அக்காவுக்கே கட்டுங்க மாமா" என்றேன்.

"டேய், வாய மூடிக்கினு குனி. கொள்ளி வெச்சவனுக்குத்தான் கட்டுவாங்க. பொம்பளைக்குக் கட்டிட்டு நான் எங்கடா தலை காட்டறது?"

குனிந்தேன். கஞ்சி போட்ட துணி, மழித்த தலையில் உறுத்தியது.

வீட்டுக்கு வந்ததும் அவிழ்த்து அக்காவிடம் நீட்டினேன். அவள் கை நீட்டவில்லை.

"நீ குடுத்து நான் வாங்கிக்கறதுக்கு, நான் கேட்டது துணியாடா?"

அவள் சொன்ன மாதிரியே பஸ் ஏறிவிட்டேன். இருந்தால் உப்பளம், போனால் ஓட்டல். எனக்கு ஓட்டல்தான் சரிப்பட்டது.

ஆடியில் போன் செய்தேன். "கூழ் ஊத்திட்டாங்களா?"

"ஊத்திட்டாங்க. வீடு வீடா வந்து கூப்ட்டாங்க. நம்ம வீட்டத் தாண்டிப் போயிட்டாங்க. 'இங்க ஆள் இல்லப்பா, அடுத்த வீட்டுக்கு வா'ன்னு ஒருத்தன் சொல்றான். நான் வாசல்லதான் நின்னுக்கினு இருக்கேன்."

"நான் வேணா வரட்டாக்கா?"

"வா. நீ வந்தா கூப்புடுவாங்க. நீ போனப்புறம் மறுபடியும் ஆள் இல்லாத வீடுதான்" என்றாள். பிறகு, உப்பு ஏற்ற லாரி வந்துவிட்டது என்று சொல்லிப் போனை வைத்தாள்.