துரையோடு என் மாமா போட்ட சண்டை

வில்லியனூர் ஆற்றங்கரைத் திடலில் சர்க்கஸ் கொட்டகை போட்ட வருடம் நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். அப்பாவுக்குப் புதுச்சேரி ஆலையில் வேலை கிடைத்ததால் காரைக்காலை விட்டு ஒதியம்பட்டுக்குக் குடிவந்திருந்தோம். பள்ளிக்கூடத்தில் நான் வாயைத் திறந்தாலே சிரித்தார்கள். அவர்கள் ‘இன்னா’ என்பார்கள், நான் ‘என்ன’ என்பேன். இவ்வளவுதான் குற்றம். அதற்குத் தண்டனையாகப் பெஞ்சில் ஓர் ஓரமும், மதியச் சாப்பாட்டுக்கு யாரும் உட்காராத ஒரு மரத்தடியும் எனக்கு ஒதுக்கப்பட்டிருந்தன.

வீட்டில் எங்களோடு மாமாவும் இருந்தார். அம்மாவின் தம்பி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். அங்கே குத்துச்சண்டை பழகியவர் என்பதற்குச் சற்றுக் கோணலாகிப் போன மூக்கே சாட்சி. அங்கே அவருக்கு ஒரு குடும்பம் இருந்ததென்றும் அது நிலைக்கவில்லையென்றும் அம்மா அப்பாவிடம் தாழ்ந்த குரலில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மாமா தோட்டத்துப் பக்கத்து அறையில் இருப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார். கேட்டதற்குப் பதில் சொல்வார். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு சொல் வராது.

சர்க்கஸ்காரர்களிடம் ஒரு மனிதக் குரங்கு இருந்தது. துரை என்று பெயர். அதோடு மோதி அதைக் கீழே தள்ளுகிறவருக்கு ஒரு சுவர்க்கடிகாரம் பரிசு என்று குதிரை வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து ஊரில் வேறு பேச்சில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் உபதேசியார் மாதா கோயில் வாசலிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“ஆண்டவரு எல்லா மிருகத்து மேலயும் மனுசனுக்குத்தான் அதிகாரம் குடுத்திருக்காரு. மனுசன்தான் ஜெயிப்பான்.”

டீக்கடைக்காரர் விடவில்லை. “அதிகாரம் குடுத்தாரு, சரி. கையில பலத்தக் குடுத்தாரா? நேத்து அது மட்டத் தேங்காய உரிச்சிது பாத்தியா? நார நாரா பிச்சி எறியுதுபா.”

“அது வெறும் முரட்டுப் பலம். தொழில் தெரிஞ்சவன் முன்னாடி நிக்காது.”

“தொழில் தெரிஞ்சவன் நம்ம ஊர்ல யாரு கீறான்?”

எல்லார் கண்ணும் ஒரே நேரத்தில் மாமாவின் மேல் போனது. மாமா தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

அவர் எப்படி ஒப்புக்கொண்டார் என்று எனக்கு இன்றும் சரியாகத் தெரியாது. தினமும் நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள். அதுவரை எங்கள் வீட்டுப் படியேறாதவர்கள். தோளில் கை போட்டார்கள், ‘நம்ம ஊரு மானம்’ என்றார்கள். மாமா முதலில் தலையாட்டி மறுத்தார். பிறகு சும்மா இருந்தார். பிறகு ஒருநாள் சாக்கில் உமியை அடைத்துப் பூவரச மரத்தில் தொங்கவிட்டுக் குத்த ஆரம்பித்தார்.

பள்ளிக்கூடத்தில் என் நிலைமை தலைகீழாக மாறியது. “உங்க மாமா நெசமாவே கொரங்காண்ட சண்ட போடப் போறாராடி?” என்று கேட்டபடி என் பெஞ்சுக்கு மூன்று பேர் நெருக்கியடித்துக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி பாதி கடித்த நெல்லிக்காயைக் கொடுத்தாள். மாமா பிரான்சில் ஒரு கரடியைக் குத்தியே சாய்த்தார் என்று நான் சொன்னேன். அவர்கள் நம்பினார்கள். இரண்டாம் முறை சொன்னபோது நானும் நம்பினேன்.

சண்டைக்கு முதல் நாள் மாமா என்னைக் கூட்டிக்கொண்டு துரையைப் பார்க்கப் போனார். கூண்டைச் சுற்றிப் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். துரை எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, கொட்டகைத் துணியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. மாமா கம்பிக்குப் பக்கத்தில் போய் நின்றார். வெகுநேரம் நின்றார். எனக்குக் கால் வலித்தது.

“இது ஒண்ணுதானா?” என்று பராமரிப்பவனைக் கேட்டார்.

“ஜோடி ஒண்ணு இருந்துது சார். செத்துப் போச்சி. அதுலேர்ந்து இது இப்டிதான்.”

திரும்பி வரும் வழியெல்லாம் மாமா பேசவில்லை. அவர் மனசுக்குள் சண்டைக்குத் திட்டம் போடுகிறார் என்று நான் பூரித்துப்போனேன்.

மறுநாள் பகல் ஆட்டத்துக்குக் கொட்டகை நிரம்பி வழிந்தது. என் வகுப்புப் பெண்கள் என்னை நடுவில் உட்கார வைத்துக்கொண்டார்கள். மாமா காக்கிச் சட்டையோடு வட்டத்துக்குள் இறங்கினார். துரையின் வாயைத் தோல்பட்டையால் கட்டி அழைத்து வந்தார்கள். நிமிர்ந்தால் மாமாவின் மார்புக்குத்தான் வந்தது. ‘இவ்ளோதானா’ என்று யாரோ சிரித்தார்கள்.

பழக்குகிறவன் பிரம்பை ஓங்கியதும் துரை பாய்ந்தது. மாமா அழகாக விலகினார். மறுபடி பாய்ந்தது, மறுபடி விலகினார். கொட்டகையே எழுந்து நின்றது. மூன்றாவது பாய்ச்சலில் அது மாமாவின் வலது மணிக்கட்டைப் பிடித்துவிட்டது.

அத்தோடு முடிந்தது. மாமா இழுத்தார், முறுக்கினார், காலை ஊன்றி உடம்பையே பின்னால் சாய்த்தார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. துரையோ கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனைப் போலச் சும்மா நின்றது. மனிதன் ஜெயிப்பானா குரங்கு ஜெயிக்குமா என்று ஊரே வாயடித்த கேள்விக்கு அந்த ஒரு பிடியில் பதில் கிடைத்துவிட்டது.

ஆனால் மாமாவின் இடது கை சும்மாதான் இருந்தது. துரையின் முகம் ஒரு முழம் தள்ளி இருந்தது.

“குத்துபா! மூஞ்சிலயே குத்து!” என்று உபதேசியார் கத்தினார். நானும் கத்தினேன்.

மாமா இடது கையை ஓங்கினார். துரை அந்தக் கையைப் பார்த்தது, பிறகு அவர் முகத்தைப் பார்த்தது. மாமாவும் அதைப் பார்த்தார். ஓங்கிய கை கொஞ்சம் கொஞ்சமாகத் தழைந்தது. துரை மணிக்கட்டை விட்டுவிட்டு, இரண்டு கைகளாலும் அவரை இழுத்து அணைத்துக்கொண்டு, தலையை அவர் மார்பில் வைத்துக்கொண்டது.

முதலில் யாருக்கும் எதுவும் புரியவில்லை. பிறகு கொட்டகை சிரித்தது. விசில் பறந்தது. பழக்குகிறவன் பிரம்பால் குத்தியும் துரை நகரவில்லை. மாமா அவன் பக்கம் திரும்பி, “அடிக்காதே” என்றார். அந்தக் கூச்சலிலும் அது எனக்குக் கேட்டது. அவருடைய இரண்டு கைகளும் அதன் முதுகின்மேல் இருந்தன. கடைசியில் இரண்டு பேர் வந்து அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்கள்.

திரும்பிப் பார்த்தபோது என்னைச் சுற்றி இருந்தவர்கள் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள்.

திங்கட்கிழமை பெஞ்சின் ஓரம் மீண்டும் எனக்கே வந்தது. “கொரங்கு மாப்ள” என்று மாமாவுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். வீட்டுக்கும் யாரும் வரவில்லை. சாயங்காலம் நான் தோட்டத்துப் பக்கம் போனபோது மாமா அறை வாசலில் உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் போட்ட அதே காக்கிச் சட்டை. அதில் கறுப்பு மயிர்கள் ஒட்டியிருந்தன. குரங்கு வாடை தூரத்திலேயே அடித்தது.

“அடிச்சிருக்கலாம்ல மாமா?” என்றேன்.

“அது சண்டைக்கு வரலம்மா” என்றார்.

அம்மா வாளியோடு வந்து மூக்கைப் பொத்திக்கொண்டாள். “நேத்திலேர்ந்து இதையே போட்டுக்கிட்டு இருக்கியேடா. வெந்நி வச்சிருக்கேன், குளி. சட்டையக் கழட்டிக் குடு, அலசிப் போடுறேன்.”

“இருக்கட்டும்க்கா. நாளைக்குக் குடுக்குறேன்.”

அம்மா அவரைப் பார்த்துவிட்டு வாளியோடு திரும்பினாள். மாமா தன் கைகள் இரண்டையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, சட்டையை லேசாகத் தடவியபடி இருந்தார். தோற்றுப் போனவர்களுக்குக் குளிக்கப் பிடிக்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் உள்ளே போனேன்.