அம்மன் பீடத்துக்குக் கல் பார்க்கப் போனது

காலை ஆறு பத்துக்கு ஜோகுபாளையத்திலிருந்து கிளம்பினோம். தேவனஹள்ளி தாண்டி ஒரு கல்குவாரி, நாற்பத்தாறு கிலோமீட்டர். டாடா ஏஸ் வாடகை போக வர இரண்டாயிரத்து இருநூறு.

எங்கள் தெரு அம்மன் கோயிலுக்குப் புதுப் பீடமும் வாசற்படியும் செய்ய வேண்டும். யார் எதைக் கொடுப்பது என்று சந்நிதியில் பூக்கட்டிப் பார்த்தார்கள். பீடம் என் சகலை தயாளனுக்கு விழுந்தது. எனக்கு வாசற்படி. இருபது வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தக் கோயிலைக் கழுவிவிடுகிறவன் நான். அவர் ஆடி மாசம் மட்டும் வருகிறவர். அம்மா தீர்ப்பு என்று கும்பிட்டேன். ஆனாலும் வழியெல்லாம் வயிறு எரிந்தது.

எட்டு மணிக்குக் குவாரி. மேலே ஆள் உயரத்துக்குச் செம்மண். அதன் கீழே மக்கின பாறை. கையில் எடுத்தால் நாட்டு வெல்லம் போல உதிர்கிறது. அதற்கும் கீழேதான் சாம்பல் நிறத்தில் கெட்டிப் பாறை.

கல்வேலைக்காரர் முனியப்பா, தயாளன் பொறுக்கிய கல்லைச் சுத்தியலால் தட்டினார். மணி மாதிரி கணீரென்றது.

"கேளுங்கண்ணா, எப்படிப் பாடுது!" என்றார் தயாளன்.

அடுத்து முனியப்பா என் கல்லைத் தட்டினார். டொக் என்றது.

"பேஜாரு பண்ணிக்காதீங்க சாமி. மிதிக்கிற படிக்கு இது போதும்" என்றார் முனியப்பா. பிறகு இரண்டு கல்லின் மேலும் தண்ணீர் ஊற்றினார். "உள்ள விரிசல் இருந்தா மத்ததெல்லாம் காஞ்சாலும் அங்க மட்டும் ஈரம் நிக்கும்."

காய்வதற்குள் எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். நான் போகவில்லை. என் கல்லை நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. கண் அவர் கல்லை விட்டு நகரவில்லை. வெயிலில் அது வெளுத்துக்கொண்டே வந்தது. ஒரு ஓரத்தில் மட்டும் தலைமுடி மாதிரி ஒரு ஈரக்கோடு, ஒரு சாண் நீளம், காயாமல் நின்றது.

முதலில் வந்தது சந்தோஷம்தான். மறைக்க மாட்டேன். சொன்னால், பொறாமையில் சொல்கிறான் என்பார்கள். சொல்லாவிட்டால் அம்மா விரிசல் மேல் உட்காருவாள். இன்னும் கொஞ்ச நேரம் போனால் அந்தக் கோடும் காய்ந்துவிடும். கத்திக் கூப்பிட்டேன்.

"உங்களுக்கு என் கல்லு மேலயேதான் கண்ணுண்ணா" என்று சிரித்துக்கொண்டே வந்தார் தயாளன். எனக்கு முகம் சுண்டிப்போனது.

முனியப்பா கோட்டின் மேல் உளி வைத்து இரண்டு அடி போட்டார். ஓரம் பிளந்து விழுந்தது. "அய்யோ தேவரே!" என்று கன்னடத்தில் சாமியைக் கூப்பிட்டார். "மணி மாதிரி அடிச்சு என்னையே ஏமாத்திடுச்சே!"

வேறு கல் பார்த்தோம். அதுவும் என் கல்லைவிட நன்றாகவே ஒலித்தது.

திரும்பும் வழியில் தயாளன் தெருக்காரர்கள் ஒவ்வொருவருக்காக ஃபோன் போட்டார். "அண்ணா கண்ணாலதான் தப்பிச்சுது. பீடத்துல அவர் பேரையும் சேர்த்து வெட்டணும்." ஹெப்பாள மேம்பாலம் வரை இதே பேச்சு. நான் வெளியே பார்த்தபடி வந்தேன். இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்க எனக்கு வராது. போகும்போது அவர் கல்லைப் பார்த்து எரிந்தேன். வரும்போது அவர் மனசைப் பார்த்து.

செருப்பில் ஒட்டின செம்மண்ணைக் கழுவிவிட்டு நேரே கோயிலுக்குப் போனேன். நான் சந்தோஷப்பட்டதையும் சேர்த்து அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பீடத்தில் என் பேர் வேண்டாம் என்று தயாளனிடம் சொல்லத்தான் இன்னும் வாய் வரவில்லை.