நின்றால் போய்விடும் வலி

சுருளிப்பட்டி சாலையை நினைத்தாலே மாஸ்டரின் ஸ்கூட்டர் ஹாரன்தான் என் காதில் விழும். காவலர் தேர்வுக்கு எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் அவர். திராட்சைத் தோட்டங்களை ஒட்டி நான் ஓட, பின்னாலேயே ஸ்கூட்டரில் வருவார். வேகம் குறைந்தால் ஹாரன். நின்றுவிட்டால் வசை.

நான் நின்றது சோம்பலால் அல்ல. கொஞ்ச தூரம் ஓடியதும் இடது கெண்டைக்கால் கல்லாய் இறுகும். பாதம் சில்லிட்டு மரத்துப்போகும். சற்று நின்றால் வலி இருந்த இடம் தெரியாது. மறுபடி ஓடினால் மறுபடி வரும். “நின்னா போயிருதாம், ஓடுனா வருதாம். இது கால்வலியா, கள்ளவலியா?” என்று மற்ற பெண்கள் முன்னால் கேட்பார். அவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார்; அவர்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருப்பார். அந்தக் காத்திருப்பைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கம்பத்தில் பார்த்த டாக்டர்கள் சத்துக் குறைவு என்றார்கள், நரம்பு இழுக்கிறது என்றார்கள். காலில் ரத்த ஓட்டம் குறைவது சர்க்கரை நோயாளிக்கும் பீடி குடிக்கும் பெரியவருக்கும் வருவது. இருபது வயதுப் பெண்ணிடம் அதை யார் தேடுவார்கள்? தேர்வு ஓட்டத்தில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மைதானத்து வாசலில் நின்ற அம்மாவிடம் மாஸ்டர், “உங்க மக ஏமாத்துறா. கல்யாணத்தப் பண்ணி அனுப்புங்க” என்றார்.

அம்மா குனிந்து என் பாதத்தைத் தொட்டாள். “நடிக்கிறவளுக்குக் காலு இப்பிடியா சில்லுன்னு இருக்கும்? நீ வா ஆத்தா, மதுரைக்குப் போவோம்.”

மதுரையில் ஒரு டாக்டரம்மா என் பாதத்தில் விரல் வைத்து நாடி பார்த்தார். பாதத்தைக் கீழ்நோக்கி அழுத்தச் சொன்னார். நாடி நின்றுபோனது. பிறகு ஸ்கேனில் தெரிந்தது: முழங்காலுக்குப் பின்னால் போகும் ரத்தக்குழாய் பிறவியிலேயே தடம் மாறி, தசைக்குள் மாட்டியிருந்தது. ஓட ஓடத் தசை அதை நெரித்திருக்கிறது. “இன்னும் ஓட விட்டிருந்தா குழாய் அடைச்சுக் காலே போயிருக்கலாம்” என்றார். அறுவை சிகிச்சை செய்து அதை விடுவித்தார்கள். அடுத்த தேர்வில் ஓடி முடித்தேன்.

இப்போது ஆண்டிபட்டியில் காவலர் வேலை. போன மாதம் கூடலூரில், தேர்வானவர்களுக்கு ஒரு பாராட்டு விழா. மேடையில் மாஸ்டர், “நான் விரட்டுன விரட்டுலதான் இந்தப் பிள்ள போலீஸ் ஆச்சு” என்றார். கைதட்டினார்கள். மைக் என்னிடம் வந்தது.

“என் காலக் காப்பாத்துனது எங்கம்மா. இவுக பேச்சக் கேட்டிருந்தா நான் இங்கன கட்டையூண்டித்தான் வந்திருப்பேன்” என்றேன்.

“நல்லதுக்குத்தானம்மா சொன்னேன்” என்று முணுமுணுத்தார். “இல்ல சார்” என்று சொல்லி மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கினேன். வயதான மனிதர், விட்டுவிடு என்றாள் உடன் வந்த தோழி. வயது எல்லோருக்கும்தான் ஆகிறது.